நாலாவது ஹாப் மேல் போட்ட பழி

வீடு பாளையங்கோட்டையில். ஐரோப்பியக் கம்பெனிகள் சிலவற்றுக்குக் கணக்கு எழுதுவது வேலை. மதியம் இரண்டு மணிக்கு உட்கார்ந்தால் இரவு பத்தரைக்குத்தான் எழுந்திருப்பேன். கணக்கு மென்பொருள் இருக்கும் சர்வர் சிங்கப்பூரில். இங்கிருந்து ரிமோட் டெஸ்க்டாப்பில் நுழைந்து வேலை பார்க்க வேண்டும். ஆவணி பிறந்ததிலிருந்து சில நாள் மட்டும் இரவு எட்டரைக்கு மேல் ஒரு தொல்லை. எண்ணைத் தட்டினால் அரை நொடி கழித்துத் திரையில் விழும். அவசரத்தில் இரண்டு முறை தட்டிவிடுவேன், 500 என்பது 5000 ஆகி நிற்கும். கணக்குப் பிள்ளைக்கு இதைவிடக் கெட்ட கனவு கிடையாது.

இணைப்பு கொடுத்தவர்களுக்குப் போன் செய்தேன். மறுநாள் மதியம் பையன் வந்தான். அவனுடைய மொபைலில் ஸ்பீட் டெஸ்ட் போட்டான். "100 முழுசா வருதுல்லா அண்ணாச்சி? லைன்ல ஒண்ணும் இல்ல" என்றான். வந்தது உண்மைதான். நொடிக்கு எவ்வளவு அள்ளிக்கொண்டு வருகிறது என்பதை அந்தச் சோதனை அளக்கும். தகவலைச் சிறுசிறு பொட்டலமாகக் கட்டித்தான் இணையத்தில் அனுப்புவார்கள், அதுதான் பாக்கெட். அப்படி ஒரே ஒரு பாக்கெட் போய்த் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்பதுதான் என் கேள்வி. அதைச் சொல்லிப் புரியவைக்க எனக்கு அன்று தெரியவில்லை.

அடுத்த நாள் காலை சாவகாசமாக லினக்ஸ் போட்ட பழைய லேப்டாப்பை எடுத்து எம்டிஆர் ஓட்டினேன். பதில் வருகிறதா என்று தட்டிப் பார்க்கும் பிங்கும், போகும் வழியைக் காட்டும் டிரேஸ்ரூட்டும் ஒன்றாகச் சேர்ந்த கருவி அது. பாதையிலுள்ள ஒவ்வொரு ரூட்டருக்கும் (ஒவ்வொன்றும் ஒரு 'ஹாப்') நொடிக்கு ஒரு பாக்கெட் வீதம் அனுப்பிக்கொண்டே இருக்கும். எத்தனைக்குப் பதில் வந்தது, எவ்வளவு நேரத்தில் வந்தது என்று வரிவரியாகக் காட்டும். நூறு சுற்று முடிந்ததும் வந்தது இது. நேரமெல்லாம் மில்லிசெகண்டில்.

1. வீட்டுப் பெட்டி (இணைப்பு கொடுத்தவர்கள் வைத்த ரூட்டர்), 192.168.1.1: இழப்பு 0%, சராசரி 5.8, குறைந்தது 1.6, கூடியது 71
2. 100.64 என்று தொடங்கும் முகவரி: 0%, 9.1, 4.0, 77
3. 10 என்று தொடங்கும் முகவரி: 0%, 9.9, 4.6, 80
4. பெயரில்லாத ஒரு முகவரி: 62%, 148, 21, 402
5. பெயரில் எம்ஏஏ இருப்பது: 0%, 19.5, 14.1, 88
6. பெயரில் எம்ஏஏ இருக்கும் இன்னொன்று: 0%, 52.2, 46.7, 119
7. பெயரில் எஸ்ஐஎன் இருப்பது: 0%, 52.6, 47.0, 121
8. சர்வர்: 0%, 52.8, 47.2, 120

நாலாவது வரியைப் பார்த்ததும் எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. நூற்றில் 62 பாக்கெட் தொலைகிறது! படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டுப் போனும் போட்டேன். பையன் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "அது மேல உள்ள ரூட்டர் அண்ணாச்சி, அது எல்லாருக்கும் அப்படித்தான் காட்டும்" என்றான். தட்டிக்கழிக்கிறான் என்று நினைத்துக் கொஞ்சம் சத்தம் போட்டேன். இந்தப் பதிவை எழுத அந்தச் சத்தமும் ஒரு காரணம்.

அன்று நான் செய்தது இரண்டு தப்பு. முதலாவது, தொல்லை இரவில் இருக்க, காலையில் அளந்தது. காய்ச்சல் விட்ட பிறகு தெர்மாமீட்டர் வைத்த கதை. இரண்டாவது, ஐந்தாவது வரியிலிருந்து எட்டாவது வரி வரை இழப்பு பூஜ்யம் என்று இருந்தும் நாலாவது வரியைக் குற்றவாளி ஆக்கியது. நாலாவது ரூட்டர் உண்மையிலேயே 62 பாக்கெட்டை விழுங்கியிருந்தால், அதைக் கடந்து போன எதுவும் எட்டாவது வரிக்கு முழுசாகப் போய்ச் சேர்ந்திருக்காது.

அப்படியானால் அந்த 62 என்ன? இதற்கு டிரேஸ்ரூட் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு ஐபி பாக்கெட்டின் தலையிலும் டிடிஎல் என்று ஓர் எண் உண்டு. 8 பிட் என்பதால் 255-ஐத் தாண்டாது. ரூட்டர் ஒவ்வொன்றும் அதில் ஒன்றைக் கழித்துவிட்டுத்தான் அடுத்தவருக்குத் தள்ளும். பூஜ்யம் ஆனால் பாக்கெட்டைப் போட்டுவிட்டு, 'நேரம் முடிந்தது' என்று அனுப்பியவருக்கு ஓர் ஐசிஎம்பி செய்தி (நெட்வொர்க் தன் நிலையைச் சொல்லும் குறிப்பு) எழுதும். வழி தெரியாமல் ஒரே வட்டத்தில் சுற்றும் பாக்கெட்டுகள் சாகட்டும் என்று வைத்த ஏற்பாடு இது. ஸ்டீவ் டீரிங் சொன்ன யோசனையை வைத்து, 1987-இல் வான் ஜேக்கப்சன் என்ற நெட்வொர்க் ஆராய்ச்சியாளர் இதையே வழி கண்டுபிடிக்கும் கருவியாக மாற்றினார். முதலில் டிடிஎல் 1 என்று அனுப்பு, முதல் ரூட்டர் பதில் எழுதும். பிறகு 2, பிறகு 3. சாகும் இடமெல்லாம் ஒரு கடிதம் வரும், கடிதத்தில் முகவரி இருக்கும்.

ஆனால் அந்தக் கடிதம் எழுதுவது ரூட்டரின் முக்கிய வேலை இல்லை. பெரிய ரூட்டரில் பாக்கெட்டுகளைக் கடத்துவது அதற்கென்றே செய்த சிப். கடிதம் எழுதுவது தனியாக ஒரு செயலி. வழித்தடக் கணக்குப் போடுவது, பக்கத்து ரூட்டர்களோடு பேசுவது எல்லாம் அதன் பொறுப்பு. கடிதம் கேட்பவர்கள் கூடினால் அது தாமதிக்கும். அளவுக்கு மேல் போனால் எழுதவே மாட்டேன் என்று வரம்பும் வைத்திருப்பார்கள். ரயில்வே ஸ்டேஷன் விசாரணைக் கவுன்ட்டரில் பதில் கிடைக்க அரை மணி நேரம் ஆனால், நெல்லை எக்ஸ்பிரஸ் அரை மணி லேட் என்றா அர்த்தம்?

படித்துத் தெரிந்துகொண்டாலும் மனசு ஒப்பவில்லை. வீட்டிலேயே ஒரு 'நாலாவது ஹாப்' செய்து பார்த்துவிடுவோம் என்று மேசையில் உட்கார்ந்தேன். பரணில் ஓப்பன்டபிள்யூஆர்டி (ரூட்டர்களுக்கான லினக்ஸ்) ஏற்றிய பழைய ரூட்டர் ஒன்று கிடந்தது. அதன் லான் பக்கம் (வீட்டுப் பக்கம்) லேப்டாப், வான் பக்கம் (வெளிப் பக்கம்) ராஸ்பெரி பை என்ற குட்டிக் கணினி. லேப்டாப்பிலிருந்து பார்த்தால் முதல் ஹாப் ரூட்டர், இரண்டாவது பை. அவ்வளவுதான் இணையம்.

லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் ஐசிஎம்பி ரேட்லிமிட் என்று ஓர் அமைப்பு உண்டு. வந்தபடியே விட்டால் அதன் மதிப்பு 1000. அதாவது ஒரே முகவரிக்கு 1000 மில்லிசெகண்டுக்கு ஒரு செய்திதான். முதலில் மட்டும் ஆறு செய்தி வரை சேர்த்து விட்டுக்கொடுக்கும். எல்லா ஐசிஎம்பிக்கும் இந்த வரம்பு கிடையாது. 'நேரம் முடிந்தது', 'போய்ச் சேர முடியவில்லை' போன்றவற்றுக்கு மட்டும். சாதாரண பிங்கின் எதிரொலிக்கு வரம்பு இல்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு மூன்று முறை ஓட்டினேன்.

நொடிக்கு ஒரு பாக்கெட் வீதம் அனுப்பியபோது இரண்டு வரியிலும் இழப்பு பூஜ்யம். அடுத்து ரூட் உரிமையோடு (நிர்வாகியாக நுழைந்து), 0.1 நொடிக்கு ஒன்று என்று ஒரு நிமிஷம் ஓட்டினேன். மொத்தம் 600. கணக்குப்படி ரூட்டரிடமிருந்து 60-ம் தொடக்கத்து 6-ம் சேர்த்து 66 பதில்தான் வர வேண்டும். திரையில் முதல் வரி 89% இழப்பு என்று சிவப்பாகக் கத்தியது. இரண்டாவது வரியில் பை? இழப்பு பூஜ்யம், சராசரி 0.6. அத்தனை பாக்கெட்டும் அந்த '89% இழக்கும்' ரூட்டர் வழியாகத்தான் போய்வந்தன. மூன்றாவது முறை வரம்பை 0 என்று மாற்றி எடுத்துவிட்டு அதே வேகத்தில் ஓட்டினேன். முதல் வரியும் பூஜ்யம் ஆகிவிட்டது. கம்பி மாறவில்லை, ரூட்டர் மாறவில்லை. ஒரே ஓர் எண்தான் மாறியது.

பையனுக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் இருக்கட்டும் அண்ணாச்சி, ராத்திரி இழுக்கும்போது பாத்துச் சொல்லுங்க, நானும் என்னன்னு பாக்கேன்" என்றான்.

இனி ஒழுங்காக அளப்பது. முதல் ட்ரேஸ் வைஃபையில் எடுத்தது. ஒன்றாவது வரியிலேயே 71 இருப்பதைப் பாருங்கள். அந்த நடுக்கம் கீழே உள்ள எல்லா வரியிலும் ஏறி உட்கார்ந்திருக்கிறது. லேப்டாப்பிலிருந்து பெட்டிக்கு நேரே கேபிள் போட்டதும் முதல் ஹாப் 0.4-இல் அசையாமல் நின்றது. இரண்டாவது 2.8. சர்வர் 46. வைஃபையை வைத்துக்கொண்டு அடுத்தவன் ரூட்டரைக் குறை சொல்வது, சொந்தக் கண்ணாடியைத் துடைக்காமல் ஊர் மங்கலாக இருக்கிறது என்பது போலத்தான்.

ஆறாவது வரியும் கொஞ்ச நேரம் குழப்பியது. ரூட்டர்களுக்குப் பெயர் வைக்கும்போது ஊரைக் குறிக்க விமான நிலையக் குறியீட்டைச் சேர்ப்பது பலரின் வழக்கம். எம்ஏஏ சென்னை, எஸ்ஐஎன் சிங்கப்பூர். ஐந்தாவது வரியில் இருக்கும் சென்னை ரூட்டர் 14-இல் பதில் சொல்கிறது, நியாயம். ஆறாவதும் சென்னைதான். அது ஏன் சிங்கப்பூருக்கு ஆகும் 47-ஐக் காட்ட வேண்டும்? சென்னைக்குள்ளேயே 33 மில்லிசெகண்டா?

கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர் போகும். போகவர என்று கணக்கிட்டால் 100 கிலோமீட்டருக்கு ஒரு மில்லிசெகண்ட். சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே கடலடியில் கிடக்கும் ஐ2ஐ கேபிளின் நீளம் சுமார் 3,200 கிலோமீட்டர். அதில் போய்வர 32. என் பாக்கெட் எந்தக் கேபிளில் போகிறது என்று ட்ரேஸ் சொல்லாது. ஆனால் 33 என்பது கடல் தாண்டும் நேரம் என்பதில் சந்தேகமில்லை. ஆக அந்தச் சென்னை ரூட்டரின் பதில் கடல் தாண்டிப் போய்த் திரும்பியிருக்கிறது.

எம்டிஆரில் கூடுதல் விவரம் காட்டும் தேர்வைப் போட்டதும் ஆறாவது வரிக்குக் கீழே எம்பிஎல்எஸ் லேபிள் எண் ஒன்று முளைத்தது. பாக்கெட் மேல் ஒரு லேபிள் ஒட்டி, முகவரியைப் பார்க்காமல் லேபிளை மட்டும் பார்த்துச் சுரங்கம் போலக் கடத்தும் முறை அது. புரிந்துவிட்டது. எம்பிஎல்எஸ் சுரங்கத்தின் நடுவில் இருக்கும் ரூட்டருக்கு, திரும்பி என் முகவரிக்கு வரும் வழி பெரும்பாலும் தெரியாது. அதனால் 'நேரம் முடிந்தது' செய்தியை எழுதி அதே சுரங்கத்தின் மறுமுனை வரை தள்ளிவிடும். மறுமுனை சிங்கப்பூரில். அங்கிருந்துதான் அது எனக்குத் திரும்பி வரும். சுரங்கத்துக்குள் எத்தனை ரூட்டர் இருந்தாலும் எல்லாமே கிட்டத்தட்ட ஒரே நேரத்தைக் காட்டுவது இதனால்தான். இதுவும் கோளாறு இல்லை.

சிங்கப்பூர் சர்வரிலிருந்து என்னை நோக்கியும் ஒரு ட்ரேஸ் போடச் சொன்னேன். போன பாதையிலேயே திரும்பி வர வேண்டும் என்று இணையத்தில் சட்டம் இல்லை, அதனால் இரண்டு பக்கமும் பார்ப்பது நல்லது. எனக்கு அதிகம் உதவவில்லை. 100.64 முகவரி என்றால் பல வீடுகளுக்கு ஒரே பொது முகவரியைப் பங்கிட்டுக் கொடுத்திருக்கிறார்கள் என்று பொருள். அந்தப் பங்கீடு நடக்கும் இடத்தோடு ட்ரேஸ் நின்றுவிட்டது.

எம்டிஆரை ரிப்போர்ட் முறையில், ஐந்து நிமிஷத்துக்கு ஒரு முறை, ஒவ்வொரு முறையும் நூறு சுற்று என்று கிரானில் (குறித்த நேரத்தில் வேலையைத் தானாக ஓட்டும் ஏற்பாடு) போட்டு, தேதி போட்டுக் கோப்பில் சேர்க்கச் சொல்லிவிட்டு ஒன்பது நாள் விட்டேன். ஏழாவது நாளிலேயே மூன்று இரவுகள் கையில் சிக்கியிருந்தன. மூன்றிலும் ஒரே முகம். எட்டே முக்காலை ஒட்டி ஆரம்பம். முதல் ஹாப் அதே 0.4. இரண்டாவது 2.8-இலிருந்து 390-க்குத் தாவியிருக்கிறது. மூன்றாவதும் அப்படியே. சர்வர் 46-இலிருந்து 433. எல்லா வரியிலும் ஏறியது ஏறக்குறைய அதே 387. ஒரு வரியில் மட்டும் ஏறி அடுத்த வரியில் இறங்கிவிட்டால் அது விசாரணைக் கவுன்ட்டர். ஏறியது கடைசி வரி வரை இறங்காமல் வந்தால் நிஜமாகவே ரயில் லேட். இது ரயில். தாமதம் முதல் ஹாப்புக்கும் இரண்டாவதுக்கும் நடுவில். என் வீட்டுப் பெட்டியின் வெளிவாசலில், அல்லது அதிலிருந்து போகும் இழையில்.

இழை என்றால் எல்லா நாளும் அல்லவா இழுக்க வேண்டும்? ஏன் மூன்று நாள் மட்டும்? தேதிகளைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு சமையலறைப் பக்கம் போனேன். சுவரில் தொங்கும் நாள்காட்டியில் அம்மா எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். மூன்று தேதியிலும் 'சுபமுகூர்த்தம்' என்று போட்டிருந்தது.

சிரித்துவிட்டேன். தம்பி கல்யாண வீடியோ எடுப்பவன். முகூர்த்தமும் வரவேற்பும் முடிந்து எட்டரைக்கு வீட்டுக்கு வருவான், மெமரி கார்டை லேப்டாப்பில் கவிழ்ப்பான். அந்த ஃபோல்டர் தானாகவே கிளவுடில் ஏறும், மதுரையில் இருக்கும் எடிட்டர் காலையில் இறக்கிக்கொள்வார். ஒரு கல்யாணத்துக்கு 40 ஜிபி. நம் இணைப்பில் இறங்குவது 100 மெகாபிட், ஏறுவது 20 தான். நாலரை மணி நேரம் வெளிவாசல் அடைத்துக்கொள்ளும்.

அடைத்துக்கொண்டால் பெட்டி என்ன செய்ய வேண்டும்? இடமில்லாத பாக்கெட்டைக் கீழே போட வேண்டும். போட்டால்தான் அனுப்புகிற கணினி 'ஓ, நெரிசல்' என்று வேகத்தைக் குறைக்கும். என் பெட்டி போடாமல் வரிசையில் நிற்க வைத்தது. 20 மெகாபிட் வேகத்தில் 387 மில்லிசெகண்ட் என்றால், வரிசையில் ஏறக்குறைய ஒரு மெகாபைட் நிற்கிறது. 1,500 பைட் பாக்கெட்டாக எண்ணினால் சுமார் 645. என் விசைப்பலகையிலிருந்து கிளம்பும் குட்டிப் பாக்கெட் ஒவ்வொன்றும் கல்யாண வீடியோவின் 645 பாக்கெட்டுக்குப் பின்னால் போய் நிற்கிறது. பந்திக்கு இடம் பிடிக்கிற மாதிரி. இதற்கு பஃபர்ப்ளோட் என்று பெயர்.

சந்தேகத்துக்கு இடமில்லாமல் செய்துவிடலாம் என்று தம்பியைப் பக்கத்தில் உட்கார வைத்தேன். ஏற்றத்தை நிறுத்தச் சொன்னேன். இரண்டாவது வரி மளமளவென்று 3-க்கு இறங்கியது. ஆரம்பிக்கச் சொன்னேன். சில நொடியில் 300, 350, 390. நாலு தடவை செய்த பிறகு, "போதும்ணே, நான் காலையிலயே ஏத்திக்கிடுதேன்" என்றான். எடிட்டருக்குக் காலையிலேயே வேண்டும், அதனால் அது தீர்வு இல்லை.

பரணிலிருந்து இறங்கிய ரூட்டருக்கே வேலை கிடைத்தது. பையனைக் கூப்பிட்டு, அவர்கள் பெட்டியை பிரிட்ஜ் முறைக்கு (ரூட்டர் வேலையை விட்டுவிட்டு வெறும் பாலமாக நிற்பது) மாற்றச் சொன்னேன். என் ரூட்டர் இணைப்பில் நுழையத் தேவையான பிபிபிஓஇ பயனர் பெயரும் கடவுச்சொல்லும் அவனே எழுதிக் கொடுத்தான். ஓப்பன்டபிள்யூஆர்டியில் வரிசையை ஒழுங்குபடுத்தும் எஸ்க்யூஎம் தொகுப்பை நிறுவி, வரிசை முறையாக கேக் என்பதைத் தேர்ந்தெடுத்தேன். ஏறுவது 18, இறங்குவது 90 என்று, உண்மை வேகத்துக்குப் பத்தில் ஒரு பங்கு குறைவாகக் கொடுத்தேன். குறைவாகக் கொடுத்தால்தான் நெரிசல் அவர்கள் பெட்டியில் உருவாகாமல் என் ரூட்டருக்கு இடம் மாறும். என் ரூட்டரில் உருவானால் யாரை முன்னால் விடுவது என்று கேக் பார்த்துக்கொள்ளும். ஒவ்வொரு உரையாடலுக்கும் தனி வரிசை வைத்து மாற்றி மாற்றி எடுக்கும், அதிக நேரம் நிற்பதைக் கீழே போடும்.

போட்டுவிட்டு அளந்தால் மறுபடி 390! அரை மணி நேரம் மண்டையைச் சொறிந்தேன். கடைசியில் ஃபயர்வால் பக்கத்தில் 'ஹார்டுவேர் ஃப்ளோ ஆஃப்லோடிங்' என்ற கட்டத்தில் டிக் இருந்தது கண்ணில் பட்டது. வேகம் கிடைக்கட்டும் என்று எப்போதோ நானே போட்டது. அது இருந்தால் பாக்கெட்டுகள் கெர்னலின் வரிசையைத் தொடாமல் சிப் வழியாகவே போய்விடும். பந்தியில் பரிமாறுபவரை நிறுத்திவிட்டுப் பின்வாசலைத் திறந்து வைத்தது போல. டிக்கை எடுத்ததும், 40 ஜிபி ஏறிக்கொண்டிருக்கும்போதே இரண்டாவது ஹாப் 6-இலிருந்து 8-க்குள் நின்றது. நூறு சுற்றில் கூடியது 15. சர்வர் 50.

அன்று இரவு படித்ததில் ஒன்று மனதில் நின்றுவிட்டது. 1986 அக்டோபரில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே, 400 கஜ தூரத்தில், நொடிக்கு 32,000 பிட் போன இணைப்பு நெரிசலில் 40 பிட்டாகச் சுருங்கியது. ஏன் என்று தோண்டிப் பார்த்து, தகவலைத் தவறாமல் கொண்டு சேர்க்கும் விதிமுறையான டிசிபி, நெரிசலை எப்படிச் சமாளிக்க வேண்டும் என்று 1988-இல் எழுதியவர் வான் ஜேக்கப்சன். இடையில்தான் டிரேஸ்ரூட். 2012-இல் கேத்லீன் நிக்கோல்ஸோடு சேர்ந்து, வரிசையில் எத்தனை பாக்கெட் நிற்கிறது என்று பார்க்காமல் ஒரு பாக்கெட் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்க்கும் கோடல் முறையை வெளியிட்டவரும் அவரே. கேக்கின் வயிற்றுக்குள் இருப்பது அந்த யோசனையின் வாரிசுதான். ஆக நான் நோயைக் கண்டுபிடித்த கருவியும் போட்ட மருந்தும் ஒரே கைராசி.

அடுத்த முகூர்த்தம் போன ஞாயிறு. தம்பியின் ஏற்றம் நாலரை மணிக்குப் பதில் ஐந்து மணி எடுத்தது. அவன் கவனிக்கவில்லை, தூங்கிவிட்டான். நாலாவது வரி அன்றும் 60% இழப்பு என்று காட்டிக்கொண்டுதான் இருந்தது. மாடி அறையில் மட்டும் வைஃபை இன்னும் 60, 70 என்று துள்ளுகிறது. தீபாவளிக்கு வெள்ளையடிக்கும்போது கேசிங் பட்டை ஒட்டி மேலே ஒரு கேபிள் இழுக்க வேண்டும். 25 மீட்டர் போதுமா என்று இன்னும் அளக்கவில்லை.